யோகனின் வான் என் வானைவிட நல்லது

தம்பிமாரே,

வான் டயர்களை முறையாக மாற்றிப் போடுவது பற்றி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். சந்தோஷம். ஆனால் உங்களில் இரண்டு பேர் முதலில் வான்காரர் யோகனிடம் போய் இதையே கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்கு வந்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். யோகன் எழுதமாட்டார், பேசுவார். அவர் பேசினால் கூட்டம் கூடும், சிரிப்பு வரும், கடைசியில் சில்லு என்கிற சக்கரத்தைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஆகையால் நான் எழுத்தில் வைக்கிறேன். எழுத்து என்றால் அவர் என்னோடு போட்டிக்கு வரமாட்டார்.

நான் சொல்லப்போவது ஒரு திங்கட்கிழமைக் காலை நடந்தது. கல்லடியில் புதிய பாலம் திறந்ததற்குப் பிறகு, எரிபொருளுக்கு நாங்கள் வரிசையில் கிடந்த காலத்துக்கு முன்பு. பள்ளிக்கூடத்தின் முதலாந் தவணை தொடங்கிய நாள், தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை. யோகன் இதை இரண்டாந் தவணை என்று சொல்லித் திரிகிறார். அது பிழை. அன்று பனிச்சங்கேணியில் றோட்டின் இரண்டு பக்கமும் மாரி மழை வெள்ளம் நின்றது. இரண்டாந் தவணை சித்திரைக்குப் பிறகு தொடங்குவது. அப்போது அங்கே புழுதிதான் நிற்கும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறவர் அதன் காலத்தையாவது சரியாகச் சொல்லவேண்டும்.

நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதியவர்கள் என்பதால் அதன் வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வாகரைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பிக்கிறவர்களில் பலர் மட்டக்களப்புப் பட்டினத்திலும் கல்லடியிலும் இருந்து தினமும் போய்வருகிறவர்கள். ஒரு பள்ளிக்கூடத்தார் சேர்ந்து ஒரு வானைப் பிடிப்பார்கள். அந்த வானில் ஒருவர் ஒரு தடவை உட்கார்ந்த இருக்கை, அவருக்கு இடமாற்றம் வரும்வரை அவருடையது. அதை விட்டு எழுந்தால் திரும்பக் கிடைக்காது. பள்ளிக்கூடத்தை விட்டுக்கொடுப்பார்கள், இருக்கையை விட்டுக்கொடுக்கமாட்டார்கள்.

என் வான் வாகரைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. யோகனுடைய வான் வாகரைக்கு இப்பால் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு. ஒரே றோட்டு, ஒரே நேரம். இரண்டும் ஒரே மாதிரியான, யப்பானில் ஓடிப் பழசாகி வந்த வான்கள். இந்த நிலையில்தான் என் மனைவிக்கு இடமாற்றம் வந்தது. அவள் டீச்சர். வந்த இடம் யோகனுடைய பள்ளிக்கூடம். அங்கே ஓர் இருக்கை காலியாக இருந்தது. என் வானில் இருக்கவில்லை. ஆக, வான் வைத்திருக்கிறவனின் மனைவி தினமும் காலையில் கல்லடியில் அடுத்தவனுடைய வானில் ஏறிப் போனாள். பின்னால் நான் வெறும் புகையைப் பார்த்துக்கொண்டு போனேன்.

அதுகூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"யோகன் அண்ணன்ட வான் போறதே தெரியாதுப்பா. தேத்தண்ணிக் கோப்பைய மடியில வச்சாலும் சிந்தாது."

"வானுக்குள்ள என்னத்துக்குத் தேத்தண்ணி?" என்றேன்.

"ஒரு கதைக்குச் சொல்லுறன்."

"கதைக்கு எண்டா என்ட வானையும் சொல்லலாமே."

"உங்கட வானில வச்சா கோப்பையும் உடையும்."

அவள் அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கியதும் யோகன் என்னை வாய் நிறைய மச்சான் என்றார். எனக்குச் சொந்தத்தில் வேறு மச்சான்மார் இருக்கிறார்கள். அவர்கள் ஒருவரும் என் மனைவியிடம் இவ்வளவு நல்ல பெயர் எடுத்ததில்லை.

எனக்கு அதிகம் வலித்தது டயர் விஷயத்தில்தான். நானும் யோகனும் காத்தான்குடியில் ஒரே கடையில் ஒரே கிழமையில் ஒரே இனத்து டயர் போட்டவர்கள். ஒரே றோட்டில் ஓடினோம். அடுத்த மாரி வரும்போது என் முன் டயர்களின் தோள்பட்டை, அதாவது ஓரம், இரண்டும் வழித்துவிட்டது போல் இருந்தது. பின் டயர்களில் ஓரம் இருந்தது, நடுவில் பூவெட்டு இல்லை. யோகனுடைய நாலு டயரும் நேற்று வாங்கியவை மாதிரி இருந்தன. கடைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், என் சில்லுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "நாலையும் ஒரு நாளிலதானே தந்த? இப்ப பாத்தா ஒண்டுக்கொண்டு வாப்பா மகன் மாதிரி இரிக்கி" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் யோகனும் நின்று சிரித்தார்.

நான் காரணம் தேடினேன். யோகனுடைய தங்கை புருஷன் கட்டாரில் இருக்கிறான், அவன் வேறு டயர் அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் பழைய டயருக்குப் புதுத்தோல் ஒட்டிய ரீபில்ட் டயரைப் போட்டு ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் மனைவியிடமும் சொன்னேன். "கவனம், அது ரீபில்ட் டயர்." அது இல்லை என்று தெரிந்ததும், "பிரேக் கிறீச்சிடுது, கேக்கல்லையா?" என்றேன். பிறகு ஒரு நாள், "யோகன் நித்திரை தூங்கித் தூங்கி ஓட்டுறான் போல, கண் சிவந்திரிக்கி" என்றேன். மாதத்துக்கு ஒரு குறை கண்டுபிடித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. அவள் ஒவ்வொன்றையும் யோகனிடமே கேட்டு, அவர் சிரித்துக்கொண்டு தந்த மறுமொழியை எனக்குத் திரும்பக் கொண்டுவந்தாள். அப்படிக் கொண்டுவந்த மறுமொழிகளில் ஒன்றுதான் டயர் ரகசியம்.

"அவர் ஒவ்வொரு தவணை லீவுக்கும் டயரை இடம் மாத்திப் போடுறவராம். முன்னுக்குள்ளது பின்னுக்கு, பின்னுக்குள்ளது முன்னுக்கு. நீங்க போடுறல்லையா?"

என் மனைவி தமிழ்ப்பாடம் படிப்பிக்கிறவள். அவளுடைய வாயால் நான் டயர்ப்பாடம் கேட்டேன்.

அன்று பின்னேரமே வானோடு வந்த கையேட்டை எடுத்தேன். அது யப்பான் மொழியில் இருந்தது. படங்களில் இருந்த அம்புக்குறிகளை வைத்தே பாதி விளங்கியது. மீதிக்குப் பொதுநூலகத்தில் இருந்த மோட்டார்ப் புத்தகங்களைப் புரட்டினேன். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் அறிவெல்லாம் யோகனைப் பிடிக்கவேண்டும் என்ற எரிச்சலில் சேர்த்தது. எரிச்சலில் படித்தால் மறக்காது. நீங்களும் வேண்டுமானால் என்மேல் எரிச்சல்பட்டுப் படியுங்கள்.

விஷயம் இதுதான். ஒரு வானில் நாலு சில்லும் ஒரே வேலை செய்வதில்லை. முன்சில்லு திரும்புகிறது, திரும்பும்போது தோளில் தேய்கிறது. பிரேக் பிடிக்கையில் பாரமும் அதன்மேல் விழுகிறது. நம் வான்களில் தள்ளுவது பின்சில்லு. அது நடுவில் தேய்கிறது. அப்படியே விட்டால் இரண்டும் தம்தம் பாட்டுக்குக் கெடும். தேய்ந்த டயர் மழைத் தண்ணீரை வெட்டி விலக்காது, தண்ணீருக்குமேல் மிதக்கும். காயான்கேணிக்கு அப்பால் மாரியில் றோட்டுக்குமேல் தண்ணீர் பாயும்போது இதை நீங்களே உணர்வீர்கள். அதுவும் பின்டயர் மிதந்தால் வானின் வால் சறுக்கும். அதை ஸ்டியரிங்கால் திருப்பிப் பிடிப்பது லேசில்லை. இடம் மாற்றிப் போட்டால் நாலும் ஒரே அளவாகத் தேயும், நாலும் ஒன்றாகவே மாற்றத் தயாராகும்.

பின்சில்லு தள்ளுகிற வானில், பின்னுக்கு இருக்கிற இரண்டையும் அந்தந்தப் பக்கத்திலேயே முன்னுக்குக் கொண்டுவாருங்கள். முன்னுக்கு இருக்கிற இரண்டையும் பக்கம் மாற்றிப் பின்னுக்குப் போடுங்கள். முன்சில்லு இழுக்கிற சின்னக் கார் என்றால் இது மறுதலை: முன்னது நேரே பின்னுக்கு, பின்னது பக்கம் மாறி முன்னுக்கு. டயரின் பக்கத்தில் சுற்றும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் பக்கம் மாற்றவே கூடாது. முன் பின் மட்டும்தான். மாற்றிய பிறகு காற்றைப் பாருங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் காற்று வேறு, டயர் இடம் மாறினால் காற்றும் மாறவேண்டும். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் இடம் மாற்றுவது மருந்தல்ல, முதலில் சில்லு நேராக நிற்கிறதா என்று எலைன்மென்ட் பாருங்கள். எவ்வளவு ஓடினால் மாற்றுவது என்று கேட்பீர்கள். எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீற்றர் என்று புத்தகம் சொல்லும். வாகரைக்கு ஒரு தவணை போய்வந்தால் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். ஆகவே தவணை லீவுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் மீற்றரைப் பார்க்கவே தேவையில்லை. இந்த வழக்கத்தைத் தொடக்கியவர் யோகன். எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

அதற்குள் நானும் இரண்டு மூன்று தவணை டயர் மாற்றிப் போட்டு, என் வானும் கொஞ்சம் குலுக்கம் குறைந்து, வீட்டிலும் ஒரு மாதிரி மரியாதை வரத் தொடங்கியிருந்தது. மார்கழி லீவில் யோகன் ஒரு படி மேலே போனார். டயர் கழற்றிய கையோடு சில்லுகளின் இரும்பு றிம்முக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தார். புது வருசம், புதுத் தவணை, சாமி கும்பிட்டுத் தொடங்குகிற வான் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பது நம்முடைய ஆட்களின் வழக்கம்தானே. நானும் கண்ணாடிக்கு ஒரு மாலை வாங்கியிருந்தேன். வெள்ளிச் சில்லுக்கு முன்னால் அந்த மாலை எடுபடவில்லை.

ஓட்டமாவடித் தேத்தண்ணிக் கடையில் இரண்டு வானும் நின்றன. டயர் மாற்றிய பிறகு முதல் ஓட்டத்தில் கொஞ்சத் தூரம் போனதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும். யோகன் அதை எப்போதும் இந்தக் கடை வாசலில்தான் செய்வார். அன்றும் ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். இறங்கியவுடன் டீச்சர்மாரும் கடைக்காரரும் சில்லைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"யோகன், கல்யாண வீட்டுக்குப் போற வான் மாதிரி இரிக்கி!"

"பெயின்ட் என்ன கலர்? எங்கட கேற்றுக்கும் அடிக்கணும்."

ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் தேத்தண்ணி, முகம் முழுக்கச் சிரிப்பு. மணியாகிவிட்டது என்று யாரோ சத்தம் போட்டார்கள். யோகன் ஸ்பேனரை இருக்கைக்குக் கீழே போட்டுவிட்டு ஏறினார். இதை நான் என் வானில் இருந்தே கண்டேன். ஒருவரை நாங்கள் பொறாமையோடு பார்க்கும்போது, அவர் சட்டைப் பித்தான் போடுகிற விதம்கூடக் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் கண்டதன் பொருள் அந்த நேரம் எனக்கு விளங்கவில்லை. என் கண் றிம்மிலேயே இருந்தது.

காயான்கேணி தாண்டி, வீடுகள் குறைந்து, இரண்டு பக்கமும் பற்றையும் தண்ணீருமாகப் போகிற நீளமான றோட்டு. இரவு பெய்த மழை விட்டு வெயில் எறித்தது. யோகனுடைய வான் எனக்கு முன்னால். றோட்டு வலது பக்கம் வளையும்போதெல்லாம் அதன் வலது பின்சில்லு எனக்குத் தெரியும், வெயிலில் வெள்ளித்தட்டு மாதிரி மின்னும். ஒரு வளைவில் அந்த மின்னல் நேராக இல்லை. உள்ளும் வெளியுமாக ஒரு தள்ளாட்டம்.

முதலில் எனக்கு வந்தது பயமல்ல. சந்தோஷம். யோகனுடைய சில்லு ஆடுகிறது! இதை வீட்டில் எப்படிச் சொல்லுவது என்று வசனம் கூடத் தயாராகிவிட்டது. அந்தச் சந்தோஷம்தான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. தம்பிமாரே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள். பிழையைக் காண்பது வேறு, பிழை இருக்கவேண்டும் என்று விரும்புவது வேறு. ஓடுகிற வானுக்குள் இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

பக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற சேர் உட்கார்ந்திருந்தார்.

"சேர், யோகன்ட வலது பின்சில்லு ஆடுதா பாருங்க."

அவர் பார்க்கவே இல்லை. "யோகன்ட வானில உங்களுக்கு ஆடாதது என்ன இரிக்கி?" என்றார். பின்னால் இருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

ஆக, என் கண்ணை நானே சோதிக்கவேண்டியதாயிற்று. றோட்டு இடது பக்கம் வளைந்தபோது இடது பின்சில்லைப் பார்த்தேன். சில்லை மூடுகிற மட்காட்டின் விளிம்புக்கும் டயருக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி, அசையவில்லை. அடுத்த வளைவில் வலதைப் பார்த்தேன். இடைவெளி கூடிக் குறைந்தது, கூடிக் குறைந்தது. பொறாமையென்றால் இரண்டு சில்லும் ஆடியிருக்கவேண்டும். எனக்கு யோகனுடைய இடது பக்கத்தின்மேல் தனியாக அன்பு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஸ்பேனர் ஞாபகம் வந்தது. கூடவே பெயின்ட். றிம் போய் உட்காருகிற முகத்திலும் நட்டு உட்காருகிற குழியிலும் பெயின்ட் அடித்துவிட்டு, அது நன்றாகக் காயும் முன்னமே இறுக்கினால், ஓட ஓடப் பெயின்ட் நசிந்து போகும். நசிந்த அளவுக்கு நட்டு தளரும். கடை வாசலில் ஒரு தடவை இறுக்கியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த வலது பின்சில்லுக்கு நேர்மேலே இருந்த இருக்கை யாருடையது என்பதும் ஞாபகம் வந்தது. கோப்பை சிந்தாத இருக்கை. என் மனைவியுடையது. பனிச்சங்கேணிப் பாலம் இன்னும் கொஞ்சத் தூரத்தில்தான்.

ஹோனை அடித்தேன். லைற்றை அணைத்து அணைத்துப் போட்டேன். யோகன் பக்கக் கண்ணாடியில் என்னைக் கண்டார், கையை வெளியே விட்டு ஆட்டினார், வேகத்தைக் கூட்டினார்.

அவரைக் குற்றம் சொல்லமுடியாது. தவணை தொடங்கும் நாளில் யார் முதலில் பாலம் தாண்டுவது என்பது எங்கள் இருவருக்கும் இடையில் பேசாத ஒரு போட்டி. நான் முந்தப் பார்க்கிறேன் என்று அவர் நினைத்தார். நான் நெருங்க நெருங்க அவர் இழுப்பார். அவர் இழுக்க இழுக்கச் சில்லு ஆடும். எனக்கு முன்னால் இரண்டே வழி. துரத்தி முந்தி மறிப்பது ஒன்று. அந்த வேகத்தில் அந்தச் சில்லோடு அவரை ஓடவிட்டு நான் மறிப்பது பைத்தியக்காரத்தனம். மற்றது பின்தங்குவது. நான் பெடலில் இருந்து காலை எடுத்தேன். என் வான் பின்தங்கியது. பின்னால் யாரோ, "இண்டைக்கும் யோகன்தான்" என்று சொன்னது கேட்டது. நான் பின்தங்கியதைக் கண்டு யோகனும் கொஞ்சம் வேகம் குறைத்தார். வெற்றி அவருக்கு என்பது உறுதியாகிவிட்டதே.

"சேர், என்ட போனை எடுங்க. மனிசிக்கு அடிச்சி, சத்தமாப் போட்டுப் பிடிங்க."

என் குரலில் ஏதோ இருந்திருக்கவேண்டும். அவர் பகிடி பண்ணாமல் எடுத்தார். மனைவியின் குரல் வான் முழுக்கக் கேட்டது.

"என்னப்பா? இப்பதானே தேத்தண்ணிக் கடையில கண்ட."

"யோகனை நிப்பாட்டச் சொல்லு. வலது பின்சில்லு ஆடுது."

"முதல்ல ரீபில்ட் எண்டீங்க. புறகு பிரேக் எண்டீங்க. புறகு நித்திரை எண்டீங்க. இண்டைக்குச் சில்லா?"

"உண்மையா ஆடுது."

"அண்டைக்கும் உண்மையாத்தான் எண்டீங்க. வையுங்க போனை, எல்லாரும் கேக்கிறாங்க."

என் சொல்லுக்கு அவளிடம் மதிப்பில்லை. அந்த மதிப்பை மாதத்துக்கு ஒரு குறையாகச் செலவழித்தவன் நானேதான். சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டாள். கத்தினால் வைத்துவிடுவாள். நான் என்றுமே சொல்லமாட்டேன் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொன்னால்தான் நம்புவாள். அப்படி ஒன்றே ஒன்று என்னிடம் இருந்தது.

"கேளு கா," என்றேன். "யோகன்ட வான் என்ட வானை விட நல்ல வான். அவர் என்னை விட நல்லா ஓட்டுறவர். நீ இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் சரி. இப்ப நிப்பாட்டச் சொல்லு."

கணித சேர் போனைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகுதான் முதல்தடவையாக முன்னால் போன சில்லைப் பார்த்தார். "ஐயோ, ஆடுது" என்று மெல்லச் சொன்னார்.

போனில் மனைவியின் குரல் வந்தது, ஆனால் எனக்கில்லை.

"யோகன் அண்ணன், நிப்பாட்டுங்க. இவர் பொய் சொல்லல்ல. எனக்கும் காலுக்குக் கீழ டக்டக்கெண்டு ஒரு சத்தம் கேட்டதுதான், ஆர்ரயோ பேக் எண்டு நினைச்சன்."

"பிரேக்கை அடிக்க வேணாமெண்டு சொல்லு," என்றேன். "காலை எடுத்துப்போட்டு உருள விடச் சொல்லு. திருப்பாம நேராப் பிடிக்கச் சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். யோகன் ஒவ்வொன்றாகச் செய்தார். இதையும் எழுதத்தான் வேண்டும்: அழகாகச் செய்தார். வான் தானாக வேகம் இழந்து, கிறவல் மண் ஓரத்தில் மெல்ல இறங்கி, பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றது.

வலது பின்சில்லில் ஒரு நட்டு இல்லவே இல்லை. மற்றவற்றை யோகன் ஸ்பேனர் இல்லாமல் விரலால் திருகினார், திரும்பின. றிம்மின் ஓட்டைகள் வட்டமாக இல்லை, நீண்டுபோயிருந்தன. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சான், நீ முந்த வாறாய் எண்டுதான் இழுத்தன்."

"தெரியும்," என்றேன். "நான் பின்னுக்கு வந்ததும் தெரியும்தானே?"

"அது கண்டன். சுகமில்லையோ எண்டு நினைச்சன்."

அந்த றிம்மை அப்படியே ஒதுக்கிவிட்டு ஸ்பெயர் சில்லைப் போட்டோம். மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, உட்காருகிற முகத்தில் இருந்த வெள்ளிப் பெயின்டைச் சுரண்டி, வரிசையாக இல்லாமல் எதிரெதிர் நட்டாக இறுக்கினோம். ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதிக்கவில்லை. அப்படி மிதித்தால் போல்ட் இழுபட்டு அடுத்த தவணைக்கு அறுந்துபோகும். ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. முதலில் செய்தது ஆட்களை அந்த வானில் இருந்து இறக்கியது. சந்தேகமுள்ள சில்லைத் திருத்திய உடனே ஆட்களை ஏற்றிச் சோதிக்கக்கூடாது. அவர்களை என் வானில் நெருக்கி ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் நான் ஸ்பேனர் பிடிக்கத் திரும்பி வந்தேன்.

என் மனைவி என் வானில் பள்ளிக்கூடம் போனது அந்த ஒரு நாள்தான். இரண்டு டீச்சர்மாருக்கு நடுவில், எங்கேயும் பிடிக்க இடமில்லாமல், இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. பாலம் ஏறும்போது ஒரு தடவை தூக்கிப் போட்டது.

"குலுங்குது," என்றாள்.

வான் முழுக்கச் சிரித்தது. நான் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் வான்கள் நிற்கிற இடத்தில் கதை வேறு மாதிரிப் பரவியிருந்தது. சில்லு கழலப் போன வானை ஒரு சொட்டுத் தேத்தண்ணி சிந்தாமல் நிறுத்திய யோகனைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நல்ல சாரதி, நிதானமான கை. ஒரு டீச்சர் அவருக்கு வீட்டில் செய்த தொதல் இனிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தத் தொதலில் ஒரு துண்டை யோகன் எனக்கும் வெட்டித் தந்தார். ருசியாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். இதையாவது நான்தான் தொடக்கினேன் என்று யோகனும் ஒத்துக்கொள்ளுவார். தன் வானின் நட்டைத் தான் மட்டும் பார்த்து முடிப்பதில்லை. டயர் மாற்றியவர் இறுக்குவார், அடுத்த வான்காரர் சோதிப்பார். அவனவன் தன் வேலையில் பிழை பார்க்கமாட்டான், அடுத்தவன் தேடித் தேடிப் பார்ப்பான். உங்களுக்குள் பொறாமை இருந்தால் அதை இந்த வேலைக்கு விடுங்கள். கூலியில்லாமல் கிடைக்கிற நல்ல சோதனைக்காரர் அது. ஆனால் அதை ஒவ்வொரு நாளும் கூப்பிடாதீர்கள். உண்மையான பிழை வருகிற நாளில் உங்கள் சொல்லை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எரிபொருள் வரிசைக் காலத்தோடு நான் வானை விற்றுவிட்டேன். யோகன் இன்னும் ஓட்டுகிறார். என் மனைவிக்கு இன்னும் சேவைக்காலம் இருக்கிறது. இருக்கையும் அதே இருக்கைதான். ஒவ்வொரு தவணையும் தொடங்குகிற திங்கட்கிழமை விடியற்காலையில் நான் ஸ்பேனரோடு கல்லடியில் றோட்டோரம் நிற்பேன். யோகன் வானை நிறுத்திவிட்டு இறங்காமல் தலையை மட்டும் நீட்டுவார்.

"மச்சான், இன்னும் என்னில நம்பிக்கை வரல்லையா?"

"உன்னில இரிக்கி. உன்ட பெயின்டில இல்ல."

வலது பின்சில்லில் தொடங்கி எதிரெதிராக ஒவ்வொரு நட்டையும் சோதிப்பேன். மேலே யன்னலைத் திறந்து என் மனைவி எட்டிப் பார்ப்பாள். முழு வானும் காது கொடுத்திருக்கும்.

"எந்த வான் நல்ல வான் எண்டு ஒருக்காச் சொல்லிட்டு இறுக்குங்க."

ஏற்கனவே இறுகியிருக்கிற நட்டில் ஸ்பேனரை இன்னும் ஒரு தடவை வைத்துப் பார்ப்பேன். அசையாது. எழுந்து கையைத் துடைப்பேன். வான் கிளம்பிக் கல்லடிப் பாலத்தின்மேல் ஏறும். நாலு சில்லும் நேராக, ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் போகும். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காது. அது மறுகரையில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன்.